கடைப் பேரேடும் கணினிப் படமும்

பேரேடு எழுதிப் பழகிய கணக்கப்பிள்ளை எவரும் அறிந்த விதி ஒன்று உண்டு. தொகையைத் தவறாக எழுதிவிட்டால் அதைப் பிளேடால் சுரண்டி அழிக்கக் கூடாது. மேலே ஒரு கோடு கிழித்து, சரியான தொகையை அருகில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். கோட்டுக்கு அடியில் பழைய தொகை படிக்கத் தெரிய வேண்டும். சுரண்டிய பக்கம் எங்கே போனாலும் சந்தேகத்துக்கு இடமாகும் என்பது முதலாளிமார் அறிந்ததே.

காகிதத்தில் இவ்விதியைக் கண்ணும் கருத்துமாகக் காக்கும் நம்மவர்கள், அதே காகிதத்தை ஸ்கேனரில் வைத்துக் கணினிக்குள் ஏற்றியவுடன் மறந்துவிடுகிறார்கள். ஓரத்தை வெட்டுகிறார்கள், கறையைத் துடைக்கிறார்கள், எழுத்தைக் கறுப்பாக்குகிறார்கள். பிறகு அதே பெயரில் பழைய படத்தின் மேலேயே பதிந்துவிடுகிறார்கள். காகிதமும் குப்பைக் கூடைக்குப் போய்விடுகிறது. மிஞ்சுவது சுரண்டிய பக்கம்தான்.

ஆகவே இப்பாடத்தைத் தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். ஸ்கேனரிலிருந்து வந்த முதற்படத்தின் மேல் யாரும் கை வைக்கலாகாது. திருத்தம் எதுவாயினும் அதன் நகலில் செய்ய வேண்டும். மற்றவை எல்லாம் இதைச் சுற்றி வருபவையே.

எவை அவசரம்?

மலேசியாவில் 1967-ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டப்படி வியாபாரக் கணக்குகளையும் அவற்றுக்கு ஆதாரமான ரசீதுகளையும் 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் 5 ஆண்டுகள். சர்க்கார் கேட்கும் காலம் இவ்வளவு. காகிதம் தாங்கும் காலமோ அதன் ஜாதியைப் பொறுத்தது. அறுபது எழுபது ஆண்டுக்கு முன் நல்ல மையால் எழுதிய பேரேடு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. சென்ற ஆண்டு மொத்தக் கடையில் வாங்கிய ரசீது இன்று வெறும் வெள்ளைத் தாளாக இருக்கிறது.

காரணம் யாதெனில், இக்காலத்துக் கல்லா இயந்திரம் தரும் ரசீதில் மை என்பதே இல்லை. தாளின் மேல் பூசிய ரசாயனம் சூடு பட்டுக் கறுக்கிறது, அவ்வளவுதான். வெயில், வெப்பம், எண்ணெய்க் கை, சிலவகைப் பிளாஸ்டிக் உறை ஆகிய ஒவ்வொன்றும் அந்தக் கறுப்பை விரட்டும். பத்திரமாக இருக்கட்டுமே என்று லேமினேட் செய்யக் கொடுத்தாலோ, அந்தச் சூட்டில் தாள் முழுவதும் கறுத்துவிடும். நாசி கண்டார் கடை அடுப்புக்கு அருகில் ஆணியில் குத்தி வைக்கும் ரசீதுக்கு எத்தனை நாள் ஆயுள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கேனர் வாங்கிய முதலாளி முதலில் ஏற்ற வேண்டியவை இந்த ரசீதுகளே. அடுத்து கார்பன் நகல் பில்கள். அதன் பிறகு பழைய பேரேடுகள், குடும்பப் புகைப்படங்கள்.

புள்ளிக் கணக்கு

கணினிப் படம் என்பது புள்ளிகளின் கூட்டம். 1957-இல் அமெரிக்காவின் தேசிய அளவைச் சாலையில் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற அறிஞரும் அவருடைய சகாக்களும் முதன்முதலாக ஒரு புகைப்படத்தை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றினார்கள். அது கிர்ஷின் மூன்று மாதக் குழந்தையின் படம். 5 சென்டிமீட்டர் சதுரம். குறுக்கே 176 புள்ளி, நெடுக்கே 176 புள்ளி. ஆக மொத்தம் 30,976 புள்ளிகள். இன்று நம் மேஜை மேல் இருக்கும் சாதாரண ஸ்கேனர் செய்வதும் அதே வேலைதான். புள்ளிகள் மட்டும் பெருகிவிட்டன.

ஓர் அங்குல நீளத்துக்கு எத்தனை புள்ளி என்பதை ஸ்கேன் செய்யுமுன் நாம்தான் சொல்ல வேண்டும். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று ஏற்றினால் குறுக்கே 2,480, நெடுக்கே 3,508. ஏறக்குறைய 87 லட்சம் புள்ளிகள். வண்ணப் படமானால் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள்; ஆகவே சுருக்காமல் வைத்தால் பக்கம் ஒன்றுக்கு 26 மெகாபைட் ஆகும். சாம்பல் நிறத்தில் ஏற்றினால் 9 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. வெறும் கறுப்பு வெள்ளையாக ஏற்றினால் 1 மெகாபைட்டுக்குச் சற்று மேல். 300-ஐ 600 ஆக்கினால் அளவு இரட்டிக்காது, நான்கு மடங்காகும். நீளமும் அகலமும் இரண்டுமே இரட்டிப்பதை மறந்து, இரண்டு மடங்குதானே என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு.

200 பக்கப் பேரேட்டை வண்ணத்தில் 300 புள்ளியில் ஏற்றினாலும் சுமார் 5 கிகாபைட்தான். சிறிய பென்டிரைவ் ஒன்றில் அடங்கும். இடத்தை மிச்சம் பிடிக்கக் கறுப்பு வெள்ளையைத் தேர்ந்தெடுப்பது வீண் சிக்கனம். அந்த முறையில் ஒவ்வொரு புள்ளியும் கறுப்பா வெள்ளையா என்று இயந்திரமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. மங்கிய கார்பன் எழுத்தை அது வெள்ளை என்று தீர்த்துவிட்டால் பிற்பாடு மேல்முறையீடு கிடையாது. கடைக் காகிதம் எதுவானாலும் வண்ணத்தில் 300 புள்ளி. மிகப் பொடி எழுத்தானால் 400. பாஸ்போர்ட் அளவுப் புகைப்படத்துக்கு 600 முதல் 1,200. 35 மில்லிமீட்டர் அகலப் படத்தை 1,200 புள்ளியில் ஏற்றினால் குறுக்கே 1,654 புள்ளி கிடைக்கும். அதை அங்குலத்துக்கு 300 என்று அச்சிட்டால் ஐந்தரை அங்குல அகலம் வரும். சுவரில் மாட்ட அது போதும். அதற்கு மேல் ஏற்றினால் முகம் தெளியாது. காகிதத்தின் நார்தான் பெரிதாகும்.

எண் மாறிய கதை

ஏற்றிய படத்தை எந்த வகைக் கோப்பாகப் பதிவது என்பது அடுத்த கேள்வி. இதில் நம் வியாபாரிகள் விழிப்பாயிருக்க வேண்டும். டிஃப், பி.என்.ஜி. என்ற இரு வகைகளும் புள்ளிகளை உள்ளபடியே வைப்பவை. டிஃப் 1986-இலும் பி.என்.ஜி. 1996-இலும் வந்தவை. ஜே.பி.ஜி. என்பது 1992-இல் வகுத்த முறை. கண்ணுக்கு எளிதில் தெரியாதவற்றைக் கழித்துவிட்டுப் படத்தைச் சிறிதாக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்ப அது சௌகரியமே. ஆனால் ஒவ்வொரு முறை திறந்து திருத்திப் பதியும்போதும் மறுபடியும் கொஞ்சம் கழிக்கும். எழுத்தின் ஓரத்தில் கொசு மொய்ப்பதுபோல் அழுக்குத் தோன்றுவது இதனால்தான். முதற்படம் டிஃப் அல்லது பி.என்.ஜி. ஆக இருக்கட்டும். பிறருக்கு அனுப்பும் நகல் ஜே.பி.ஜி. ஆகவோ பி.டி.எஃப். ஆகவோ இருக்கலாம்.

அழுக்குத் தோன்றினால் கண் எச்சரிக்கை அடையும். எண்ணே மாறி, படமும் பளிச்சென்று இருந்தால்? அப்படியும் ஒரு காலம் நடந்தது. 2013-இல் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்ற கணினி அறிஞரிடம் ஒரு கட்டட வரைபடம் வந்தது. மூன்று அறைகளின் பரப்பு மூலத்தில் 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். ஜெராக்ஸ் ஒர்க்சென்டர் வகை இயந்திரம் ஒன்றில் ஸ்கேன் செய்த படத்திலோ மூன்று அறைகளிலும் 14.13 என்றே இருந்தது! செலவுப் பட்டியல் ஒன்றில் 6 என்ற எண் 8 ஆகியிருந்தது. எழுத்து மங்கவில்லை, சிதையவில்லை. அச்சடித்தாற்போல் தெளிவாகவே இருந்தது.

நடந்தது இதுதான். கோப்பைச் சிறிதாக்க அவ்வியந்திரம் பக்கத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பார்க்கிறது. ஒன்றைப் போல் மற்றொன்று இருந்தால், இரண்டையும் வைப்பானேன் என்று ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அதையே இரண்டு இடத்திலும் ஒட்டிவிடுகிறது. சிறிய எழுத்தில் 6-உம் 8-உம் அதற்கு ஒன்றாகத் தெரிந்தன. கிரீசல் 2013 ஆகஸ்டில் இதை உலகுக்கு அறிவித்தார். கம்பெனியும் அதைச் சீர்செய்யும் மென்பொருளை வெளியிட்டது. எனினும் அதற்கு முன் ஸ்கேன் செய்து, மூலத்தைக் கிழித்துப் போட்ட பக்கங்களில் எந்த எண் மாறியிருக்கிறது என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய வழக்கம் சுலபமானது. அளவைக் கடுமையாகச் சுருக்கும் ஏற்பாடு எதையும் ஸ்கேன் செய்யும்போது தேர்ந்தெடுக்க வேண்டாம். தொகையுள்ள பக்கமானால், ஏற்றியவுடன் கூட்டுத் தொகையை ஒருமுறை கூட்டிப் பாருங்கள். திரையில் தெரியும் எண்களின் கூட்டல் பக்கத்தின் அடியில் எழுதிய மொத்தத்தோடு பொருந்த வேண்டும். ஐந்தொகை போடத் தெரிந்தவர்களுக்கு இது புதிய வேலையன்று.

கண்ணாடி மேல்

ஸ்கேனர் கண்ணாடியை மென்துணியால் துடைக்க வேண்டும். திரவத்தைத் துணியில் தெளிக்கலாம். கண்ணாடி மேல் தெளித்தால் இடுக்கு வழியே உள்ளே இறங்கிவிடும். பில்களில் உள்ள ஸ்டேபிள் கம்பிகளை எடுத்துவிட வேண்டும். பழைய தாளைத் தானாக இழுக்கும் வாயில் கொடுக்கவே கூடாது. தட்டைக் கண்ணாடியில் கையால்தான் வைக்க வேண்டும்.

மெல்லிய தாளில் இரு பக்கமும் எழுதியிருந்தால் பின்பக்க எழுத்து ஊடே தெரியும். தாளின் முதுகில் ஒரு கறுப்புக் காகிதத்தை வைத்து ஏற்றிப் பாருங்கள். பின்பக்க எழுத்து பெருமளவு மறைந்துவிடும். இதற்குக் காசு செலவில்லை. தைத்த பேரேட்டை அழுத்தி விரித்தால் முதுகு ஒடியும். அப்படிப்பட்டதைக் கண்ணாடியில் கவிழ்க்காமல், பாதி விரித்த நிலையில் அணை கொடுத்து, மேலிருந்து காமிராவால் எடுப்பதே உத்தமம்.

மென்பொருள்கள்

எளிய மூன்றைச் சொல்லுவோம். முதலாவது நாப்ஸ் 2. ஸ்கேன் செய்து பல பக்கங்களை ஒரே பி.டி.எஃப். ஆகக் கோக்க இது போதும், இலவசம். இரண்டாவது இர்பான்வியூ. போஸ்னியாவில் பிறந்து வியன்னாவில் பயின்ற இர்பான் ஸ்கில்யான் என்பவர் எழுதி 1996-இல் வெளியிட்டது. பெயரைக் கண்டு நம் சகோதரர்கள் பலர் ஆவலோடு விசாரிப்பதுண்டு. விண்டோஸ் கணினியில் கண்ணிமைக்கும் நேரத்தில் படத்தைத் திறக்கும். டி விசையை அழுத்தினால் ஒரு பெட்டியிலுள்ள படங்கள் அனைத்தும் சிறு சிறு உருவங்களாக விரியும். பி விசையால் நூறு படங்களை ஒரே சமயத்தில் வேறு வகையாக மாற்றலாம். ஜே.பி.ஜி. படத்தைப் புள்ளி கெடாமல் திருப்ப அதனோடு சேரும் இணைப்பில் தனி வழியே உண்டு. ஷிஃப்ட் விசையுடன் ஜே.

ஆனால் ஒன்று. இர்பான்வியூ வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே இலவசம். கடைக்கும் அலுவலகத்துக்கும் கட்டணம் செலுத்திப் பதிவு செய்ய வேண்டும் என்பது அதன் நிபந்தனை. கட்டணம் பெரிதன்று. நம் சரக்கை ஒருவர் விலை கொடுக்காமல் எடுத்துப் போனால் நாம் பொறுப்போமா? செலவு செய்ய மனமில்லாதவர்களுக்கு மூன்றாவது மென்பொருளான கிம்ப் இருக்கிறது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரு மாணவர்கள் 1995-இல் தொடங்கியது. கடைக்கும் இலவசம், வீட்டுக்கும் இலவசம். பழகச் சில நாள் பிடிக்கும். 2012-இல் வந்த 2.8 பதிப்பு முதல் அதில் ஒரு நன்மை உண்டு. ஜே.பி.ஜி. படத்தைத் திறந்து திருத்தி 'சேவ்' என்று சொன்னால் அது தன் சொந்த வகையில் தனிக் கோப்பாகவே பதியும். மூலத்தின் மேல் எழுதாது. வேறு வகையில் வேண்டுமானால் 'எக்ஸ்போர்ட்' என்று தனியே கேட்க வேண்டும். நாம் மேலே சொன்ன விதியை அம்மென்பொருளே பாதி காத்துவிடுகிறது.

மீதிப் பாதியை நாம் செய்ய வேண்டும். மூலம் என்றொரு பெட்டி, நகல் என்றொரு பெட்டி. ஸ்கேன் செய்தவுடன் படம் மூலப் பெட்டிக்குப் போகட்டும். விண்டோஸில் அக்கோப்பின் 'ப்ராபர்ட்டீஸ்' என்ற இடத்தில் 'ரீட் ஒன்லி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் குறி இட்டுவிடுங்கள். கடைப் பையன் கைதவறி மேலே பதிய முயன்றால் கணினி தடுத்துக் கேட்கும்.

முத்திரைக்கு அடியில் உள்ள தொகை

திருத்தம் என்றவுடன் அழகுபடுத்துவது என்று எண்ணிவிட வேண்டாம். வியாபாரிக்குத் திருத்தத்தின் பயன் படிக்க முடியாததைப் படிப்பதே. ஓர் உதாரணம் காண்போம். பழைய பில் ஒன்றில் நீலப் பேனாவால் தொகை எழுதியிருக்கிறது. பணம் பெற்றதற்கு அடையாளமாகச் சிவப்பு ரப்பர் முத்திரையை அதன் மேலேயே ஓங்கிக் குத்தியிருக்கிறார்கள். தொகை 340 வெள்ளியா 540 வெள்ளியா என்று தெரியவில்லை.

வண்ணத்தில் ஏற்றியிருந்தால் இதற்கு வழி உண்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள் என்றோம் அல்லவா? கிம்ப் மென்பொருளில் 'கலர்ஸ்' பட்டியில் 'காம்பொனன்ட்ஸ்', அதனுள் 'டீகம்போஸ்' என்பதைத் தேர்ந்து, 'ஆர்.ஜி.பி.' என்று சொன்னால் சிவப்புப் பங்கு, பச்சைப் பங்கு, நீலப் பங்கு என்று படம் மூன்று அடுக்குகளாகப் பிரியும். சிவப்பு மை சிவப்பு ஒளியை வெள்ளைத் தாளைப் போலவே திருப்பி அனுப்புவது. ஆகையால் சிவப்புப் பங்கில் முத்திரை ஏறக்குறைய மறைந்துபோகும். நீல மை சிவப்பு ஒளியை விழுங்குவது. ஆகையால் அதே பங்கில் பேனா எழுத்து முன்னைவிடக் கறுப்பாக நிற்கும். தொகை தானே வெளிப்படும். ஊதா முத்திரையானால் இவ்வளவு சுத்தமாக மறையாது. சிவப்பு, நீலம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். மஞ்சளாய்ப் போன தாளில் மங்கிய பழுப்பு மையை நீலப் பங்கில் தேடினால் பெரும்பாலும் அதிகமாகத் தெரியும். கறுப்பு வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ ஏற்றியிருந்தால் இந்த வித்தை பலிக்காது. வண்ணம், வண்ணம் என்று நாம் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

மங்கிய கார்பன் பில்லுக்கு 'லெவல்ஸ்' என்ற ஏற்பாடு உதவும். அதைத் திறந்தால் மலைத்தொடர் போல் ஒரு சித்திரமும் அடியில் மூன்று முக்கோணங்களும் தெரியும். இடது கோடியிலுள்ள கறுப்பு முக்கோணத்தை மலை தொடங்கும் இடத்துக்கும், வலது கோடியிலுள்ள வெள்ளையைத் தாளின் நிறமாகிய பெரிய மலைக்குச் சற்று இடப்புறமாகவும் நகர்த்தினால் எழுத்து எழும்பும். நிதானமாக நகர்த்த வேண்டும். அதிகம் இழுத்தால் மெல்லிய கோடுகள் தாளோடு கரைந்துவிடும். முதலில் போவது தசமப் புள்ளி. 12.50 வெள்ளி 1250 வெள்ளி ஆவதற்கு அந்த ஒரு புள்ளி போதாதா?

இதே காரணத்தால், படத்திலுள்ள தூசியை அகற்றும் 'டீஸ்பெக்கில்' என்ற கருவியைக் கணக்குப் பக்கத்தில் உபயோகிக்கலாகாது. இயந்திரத்துக்குத் தூசியும் புள்ளியும் ஒன்றே. தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி போனால் 'பற்று' 'பறறு' ஆகிவிடும், அதையாவது ஊகித்துக்கொள்ளலாம். அரபுத் தமிழிலும் ஜாவி எழுத்திலும் எழுதிய பழைய கடிதங்களின் கதி என்ன? பாவுக்கு அடியில் ஒரு புள்ளி, தாவுக்கு மேலே இரண்டு, ஸாவுக்கு மேலே மூன்று. புள்ளியைத் துடைத்துவிட்டால் மூன்றும் ஒரே எழுத்துதான். பாட்டனார் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு எழுதிய கடிதம் அவ்வாறு துடைபட்டால், சுத்தமாக இருக்கும், படிக்கத்தான் முடியாது.

வெட்டுவதிலும் நிதானம் வேண்டும். பக்கத்தின் நான்கு ஓரமும், ஓரத்துக்கு வெளியே கொஞ்சம் கண்ணாடியும் படத்தில் தெரிய வேண்டும். ஓரத்தில்தான் பக்க எண்ணும், கணக்கப்பிள்ளையின் சிறு குறிப்பும், கிழிசலின் அடையாளமும் இருக்கும். இர்பான்வியூவில் கண்ட்ரோல் விசையுடன் ஒய் அழுத்தினால் வெட்டிவிடலாம். அது நகலுக்கு மட்டும்.

குடும்பப் புகைப்படங்களில் கீறலை அடைப்பதும் மங்கலை நீக்குவதும் தவறன்று. நகலில் செய்தால் சரி. ஆனால் மங்கிய முகத்தைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு தெளிவாக்கித் தருவதாகச் சொல்லும் செயலிகள் இப்போது ஏராளம். அவை படத்தில் இல்லாத கண்ணையும் மூக்கையும் இருக்கலாம் என்று ஊகித்து வரைபவை. தெளிவான முகம்தான் வரும். அது பாட்டனார் முகம்தானா என்பது வேறு விஷயம். அத்தகைய படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு மூலத்தைத் தொலைத்தால், பேரப்பிள்ளைகள் வேறு யாரோ ஒருவரைத் தங்கள் பெரியவர் என்று எண்ணி வளர்வார்கள்.

மறைக்க வேண்டியதும், நம்பக் கூடாததும்

வாடிக்கையாளரின் அடையாள அட்டை, பாஸ்போர்ட் ஆகியவற்றின் படங்கள் நாணய மாற்று வியாபாரிகளிடம் சட்டப்படியே சேர்கின்றன. மற்றக் கடைகளிலும் சிலர் பழக்கத்தால் நகல் எடுத்து வைக்கிறார்கள். சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்பது போன்ற அவசியம் இருந்தாலன்றி அடையாள அட்டையின் எண்ணையோ நகலையோ வாங்கலாகாது. மலேசியாவிலும் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

இத்தகைய படத்தைப் பிறருக்கு அனுப்ப நேர்ந்து எண்ணை மறைக்க வேண்டுமானால், முழுக் கறுப்புக் கட்டம் இட்டு, அடுக்குகளை ஒன்றாக்கி, புதிய பி.என்.ஜி. ஆகப் பதிய வேண்டும். மங்கலாக்கினால் போதாது, கைபேசியின் மார்க்கர் கோடு பலவும் ஊடே தெரிபவை. பி.டி.எஃப். கோப்பில் எழுத்தின் மேல் வைத்த கறுப்புக் கட்டத்தைச் சுலபமாக நகர்த்திப் பார்த்துவிடலாம். வெட்டினால் போயிற்று என்றும் நம்ப வேண்டாம். 2023 மார்ச்சில் விண்டோஸின் திரைப்படம் பிடிக்கும் கருவியில் ஒரு குறை வெளியாயிற்று. படத்தை வெட்டி அதே பெயரில் மேலே பதிந்தால், வெட்டிய பகுதியின் தரவு கோப்பின் வாலில் ஒட்டிக்கொண்டே இருந்தது. தெரிந்தவர்கள் அதில் ஒரு பகுதியை மீட்டுவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் அதைப் பின்பு திருத்திற்று. புதிய பெயரில் பதிந்தவர்களுக்கு அந்த ஆபத்து வந்திருக்காது.

நாம் திருத்த முடிந்ததைப் பிறரும் திருத்துவர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சரக்கு எடுக்க வருபவர் கைபேசியில் ஒரு வங்கிச் சீட்டின் படத்தைக் காட்டி, பணம் போட்டாயிற்று என்பார். தொகையையும் தேதியையும் மாற்றி எழுத இரண்டு நிமிஷம் போதும். உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நம்ப வேண்டாம். நம் வங்கிக் கணக்கில் வரவு தெரிந்த பிறகே மூட்டை படியிறங்க வேண்டும்.

பெயரும் குறிப்பும்

கோப்புக்குத் தேதியை முன்வைத்துப் பெயரிடுங்கள். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2024-03-15-கொள்முதல்-042 என்பது போல் இருந்தால் கணினி தானே காலவரிசையில் அடுக்கிவிடும். ஒரு பிரதி கடைக் கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று கடைக்கு வெளியே, வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ. கடையில் தீப் பிடித்தாலும் வெள்ளம் புகுந்தாலும் ஒன்று மிஞ்சும்.

அச்சிட்ட எழுத்தைப் படத்திலிருந்து படித்துத் தரும் மென்பொருளும் உண்டு. டெசராக்ட் என்பது ஹியூலெட் பேக்கர்ட் கம்பெனியில் 1985-இல் தொடங்கி, 2005-இல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது, தமிழும் படிக்கும். நாப்ஸ் 2 அதைத் தன்னுள் வைத்திருக்கிறது. அச்சுப் பில்லில் ஒரு பெயரைத் தேட அது மிகவும் உதவும். கையெழுத்துப் பேரேட்டில் அது திணறிவிடும். பழைய ஏடுகளில் ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸ என்று குறிகள் இருக்கும். நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று எண்களையும் தமிழிலேயே எழுதியிருப்பார்கள். இவற்றோடு ஒவ்வொரு கடைக்கும் அதன் கணக்கப்பிள்ளை வகுத்த சொந்தச் சுருக்கெழுத்தும் உண்டு. அதைப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் நம் வீடுகளில் இன்னும் ஒருவர் இருவர் இருக்கிறார்கள்.

ஆகையால் பேரேடு ஒவ்வொன்றுக்கும் படங்களோடு கூட ஒரு சிறு எழுத்துக் கோப்பும் வையுங்கள். எந்தக் கடை, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, யார் கையெழுத்து, எந்தக் குறிக்கு என்ன பொருள், வழக்கமாக வரும் பெயர்கள் யாருடையவை என்பதைப் பெரியவரிடம் கேட்டு அதில் எழுத வேண்டும். திரையில் பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டினால், கண் மங்கியவர்களும் மூக்குக் கண்ணாடி தேடாமல் படித்துச் சொல்லிவிடுவார்கள். அஸர் தொழுகைக்குப் பின் அரைமணி நேரம் உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு நாலைந்து பக்கம் முடியும்.